பள்ளிவாசல் கூரையில் முத்தலிப்

சாய்ந்தமருது ஸுல்பிகாவுக்குக் கலியாணமான நாளிலிருந்து ஒரே கவலைதான். புருசன் முத்தலிப் தங்கமான ஆள். பீடி கிடையாது, பொய் கிடையாது. ஆனால் பள்ளிவாசல் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டான். கல்முனை பஸ் டிப்போவில் மெக்கானிக். மே தினம் வந்தால் சிவப்புச் சட்டையோடு கிளம்பிவிடுவான்.

"தெரியாத ஒண்டத் தெரியும் எண்டு சொல்ல எனக்கு ஏலா புள்ள" என்பான்.

அவளோ ஐந்து நேரமும் தொழுது, இவரைப் பள்ளிக்குள் கொண்டு சேர்த்துவிடு என்று துஆக் கேட்பாள். அவள் தொழும்போது மட்டும் அவன் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிடுவான்.

எழுபத்தெட்டில் சூறாவளி அடித்தது. தென்னைகள் பாயாய்ச் சரிந்தன. பள்ளிவாசல் கூரைத் தகரத்தில் பாதி காற்றோடு போனது. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நெருங்கியது, மழையோ விடுவதாயில்லை. ஊரில் எல்லோரும் தத்தம் கூரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் முத்தலிப் ஏணியைத் தோளில் போட்டான்.

"எங்க மச்சான்?"

"பள்ளிக்கு."

துஆ கபூலாகிவிட்டது, அல்லாஹ் ஏற்றுக்கொண்டான் என்று கண் கலங்க அவன் பின்னாலேயே ஓடினாள் ஸுல்பிகா. போய்ப் பார்த்தால் ஆள் கூரை உச்சியில் இருந்து தகரம் அடித்துக்கொண்டிருக்கிறான். கீழே குடையோடு மௌலவி பக்கீர் முகைதீன்.

"எத்தின வருசமா உள்ள வாங்க எண்டு கூப்பிடுறன் முத்தலிப். நீங்க என்னெண்டா மேல ஏறி நிக்கிறீங்க!"

"உள்ள இரிக்கிற சனம் நனையக்கூடாதே மௌலவி. அந்த ஆணிய எடுத்துத் தாங்க."

"தொழுகையில நம்பிக்கை இல்லாத ஆளுக்கு ஏன் இந்தக் கரைச்சல்?"

"சனத்தில நம்பிக்கை இரிக்கே."

மௌலவி விழுந்து விழுந்து சிரித்தார். குடையை மடக்கி வைத்துவிட்டு ஆணி எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற ஸுல்பிகாவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பாங்கு சொன்னதும் அவன் இறங்கி நேரே வீட்டுக்கு வந்தான். தகரத்தின் கீழே சனம் நனையாமல் தொழுதது.

"இவ்வளவு செஞ்சிட்டு ஒருக்கா உள்ள போனா என்ன?" என்று தலை துவட்டத் துவாயை நீட்டினாள் ஸுல்பிகா.

"நம்பாம உள்ள போய் நடிச்சா அல்லாஹ்வ நம்புற உனக்குத்தான் மரியாத இல்ல புள்ள."

அவளுக்கு அதற்கு மேல் கோபிக்க வரவில்லை. பக்கத்துத் தமிழூர் வீரமுனைக் கந்தப்போடி தன் வீட்டு ஓடு மாற்ற அவனைக் கூப்பிட்டபோது, சோற்றுப் பார்சலை பிஸ்மி சொல்லிக் கட்டிக் கொடுத்தனுப்பினாள்.

கிணற்றடியில் பக்கத்து வீட்டுச் சுபைறா கேட்டாள்: "என்ன கா, முத்தலிப் காக்கா திருந்திட்டாராமே?"

"அவரு அப்படியேதான் இரிக்காரு. நான்தான் அவருக்காகப் பயப்படுறத விட்டுட்டன்."

சுபைறா வாளியை இறக்கி வைத்தாள். "அப்ப எங்கட குசினிக் கூரைக்கும் ஒருக்கா அனுப்புங்களன்."