குணசேகரனின் பச்சைக் கார்

செய்தி வந்தபோது நான் ஆண்டர்சன்பேட்டையில் முடிவெட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்த கைப்பேசி சிணுங்கியது. கடைக்காரர்தான் எட்டிப் பார்த்து, "யாரோ குணசேகரன் பூட்டாராம்பா, உங்க ஷெட்டு குரூப்புல வந்துகீது" என்றார். பாதித் தலை வெட்டியிருந்தது. மீதியையும் வெட்டி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் எழுந்தேன். நான் அப்படிப்பட்ட ஆள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பதினாறாம் நாள் காரியத்தில் வாசிக்க ஏதாவது எழுதிக்கொண்டு வா என்று பெயிண்ட் ஷெட்டில் எல்லோரும் சொன்னீர்கள். லாரிக்குப் பின்னால் வாசகம் எழுதுகிறவன் என்பதால் எனக்கு இதுவும் வரும் என்று நினைத்திருக்கிறீர்கள். இறந்த மறுநாளே வாசலில் பிளக்ஸ் கட்டினீர்கள்: "கடைசி மூச்சு வரை உழைத்த உத்தமர்." மூச்சு என்ற சொல்லை எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? முகத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, தண்ணீர் டேங்கருக்கும் டிராக்டர் டிரெய்லருக்கும் பதினெட்டு வருடம் பெயிண்ட் ஸ்பிரே அடித்தவர் அவர். பிளக்ஸில் போட்ட படத்தில் அவர் சாய்ந்து நிற்பது பச்சைக் காரில். அந்தக் காரைப் பார்த்துச் சிரிக்காதவர் நம்மில் ஒருவர்கூட இல்லை.

நாலு வருடத்துக்கு முன்னால் கோலாரில் ஒரு டாக்டர் அவருடைய எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இனிமேல் தின்னர் வாடையே ஆகாது, வேறு வேலை பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் டீக்கடையில் குணா கைப்பேசியை என் முன்னால் நீட்டினார். ஒரு வீடியோவில் யாரோ ஒருவர் வீட்டு வாசலிலேயே தன் காருக்கு வினைல் என்கிற பிளாஸ்டிக் பிலிமை ஒட்டிக்கொண்டிருந்தார். ஸ்பிரே இல்லை, புகை இல்லை, வாடை இல்லை. காருக்குப் புதுச் சட்டை போடுவதுபோல நிறமே மாறிவிடுகிறது. "இதுக்கு மூச்சு வாணாம்பா, கை இருந்தா போதும்" என்றார். தன் கையால் ஒரு காருக்கு முழுசாக ஒட்டிக் காட்டுவது, அது சரியாக வந்தால் பெயிண்ட் ஷெட்டை விட்டுவிட்டு பங்காருபேட்டையில் ஸ்டிக்கர் கடை போடுவது, இதுதான் அவர் திட்டம்.

அதற்குத்தான் அந்த ஸ்போர்ட்ஸ் கார். பெங்களூரில் ஒருவர் வீட்டில் வெயிலிலும் மழையிலும் கிடந்ததைப் பேசி முடித்து இழுத்து வந்தார். இரண்டு கதவு, இரண்டு சீட்டு, வெளுத்துப்போன வெள்ளி நிறம். அவர் குடியிருந்த மைசூர் மைன்ஸ் சுரங்க லைன் வீட்டுச் சந்துக்குள் அது திரும்பவே அரைமணி நேரம் ஆனது. தெருவே கூடிச் சிரித்தது. "சொரங்கத்துக் கேஜுல எறங்குற மாதிரி எறங்கணும் போல கீதே" என்று நம் முதலாளி கேலி செய்ததும் நினைவிருக்கும். குணா கோபப்படவில்லை. "சப்பக் காருல ஒட்னா எவன் திரும்பிப் பாப்பான்? வளைவு நெளிவு கீற வண்டில ஒட்னாத்தான் கை தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தார்ப்பாயைப் போட்டு மூடினார்.

பச்சைப் பிலிம் துண்டுகளை வைத்து அவர் ஒட்டிப் பழகியதைப் போல யாரும் பழகி நான் பார்த்ததில்லை. வீட்டு பிரிட்ஜ், ஹெல்மெட், அவர் மனைவி மோகனாவின் குக்கர் மூடி எல்லாமே பச்சையாகிவிட்டன. மோகனா, "இன்னும் கொஞ்ச நாள் போனா என்னையும் சுத்திடுவாருண்ணா" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். குணா எதைச் செய்தாலும் அதற்கு ஒரு வசனம் வைத்திருப்பார். இதற்கு வைத்திருந்தது: "காத்து பூந்தா ஊசியால எடுத்துடலாம், தூசி பூந்தா உரிச்சித்தான் ஆவணும்." சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து ஆடிக் காற்று மாவுபோல வாரிக்கொண்டு வரும் தூசி அடங்கட்டும் என்று புரட்டாசிவரை பொறுத்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை அவர் காருக்கான பிலிம் ரோலை எடுத்துவர பெங்களூருக்கு ரயிலேறினார். என்னிடம், "வண்டிய மட்டும் கழுவி வை, காலைல ஒட்டிடலாம்" என்றார். கழுவினேன். கழுவக் கழுவ அழுக்குக்கு அடியிலிருந்து பளபளப்பு வெளியே வந்தது. நம் தொழிலில் கை வைத்த எவனுக்கும் பளபளப்பைக் கண்டால் கை அரிக்கும். பளபளப்பின்மேல் எதுவும் பிடிக்காது, முதலில் தேய் என்பதுதான் நாம் கற்ற முதல் பாடம். நண்பனுக்கு ஒரு வேலையாவது மிச்சமாகட்டும் என்று எமரி என்கிற உப்புத்தாளை நனைத்து பானெட், கூரை, இரண்டு கதவு எல்லாவற்றையும் தேய்த்தேன். இரண்டு மணி நேரம் வியர்க்க வியர்க்கத் தேய்த்துவிட்டு, பெரிய உபகாரம் செய்த நினைப்போடு வீட்டுக்குப் போனேன்.

ஞாயிறு விடிந்ததும் சந்துக்குள் காரைச் சுற்றி ஈரப் போர்வைகளைத் தொங்கவிட்டோம். உள்ளே பாதி இருட்டு. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தார். நான் கழுவிய வண்டி என்பதால் குனிந்து பார்க்கவில்லை. நான் ஒரு முனையைப் பிடிக்க, அவர் மறுமுனையை இழுத்து, துணி சுற்றிய பிளாஸ்டிக் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினார். பானெட் பாதி முடிந்தபோது தானாகவே சொன்னார்: "பெயிண்டுக்கு நேர் எதிர்பா இது. வழவழன்னு இருந்தாத்தான் புடிக்கும். கீழ ஒரு கோடு இருந்தாலும் மேல காட்டிக் குடுத்துடும்."

என் கையில் பிலிமின் முனை இருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். உரித்துப்போட்டுவிட்டு வேறு வழி தேடியிருக்கலாம். அவர் அன்று இருமாமல் வேலை செய்தார், வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தார். அதைக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டேன். இப்படிச் சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உண்மையில் எனக்குப் பயம். சாயங்காலம் ஓரங்களைச் சூடுகாட்டி அழுத்தி முடித்து, போர்வையை விலக்கி, மங்கிய வெளிச்சத்தில் படம் எடுத்தோம். பிளக்ஸில் இருப்பது அந்தப் படம்தான்.

மறுநாள் வெயிலில் தள்ளி நிறுத்தியதும் கூரையிலிருந்து கதவுவரை கோடுகள். பச்சைப் பிலிமின் மேல் பூனை பிராண்டியதுபோல இருந்தது. "இன்னாபா இது?" என்று என் முகத்தைப் பார்த்தார். "பிலிமு டூப்ளிகேட்டா இருக்கும்" என்றேன். அவர் அதை நம்பி, மிச்ச ரோலைத் தோளில் போட்டுக்கொண்டு பெங்களூர் போய் கடைக்காரனோடு சண்டை பிடித்தார். அவன் அந்த ரோலிலிருந்தே ஒரு முழம் வெட்டி, கடையிலிருந்த ஒரு கதவில் ஒட்டிக் காட்டினான். கண்ணாடியாக வந்தது. "பிலிம் நல்லாத்தான் கீது, உன் கைதான் சரியில்ல" என்று நாலு பேர் முன்னால் சொல்லி அனுப்பிவிட்டான்.

அதற்குப் பிறகு கடை என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஷெட்டுக்கு வந்தார், கைக்குட்டையைக் கட்டினார், டேங்கருக்கு ஸ்பிரே அடித்தார். "இன்னா குணா, காரு சொறிஞ்சிக்கிச்சா?" என்று நீங்கள் கேட்டீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அப்புறம் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் ராத்திரி ஷிப்டுக்கு மாறிக்கொண்டேன். நாலு வருடம். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது: கையில் குறையில்லை, தேய்த்தது நான். அதைக் கேட்டிருந்தால் அவர் மறுபடி ஒட்டிப் பார்த்திருப்பார். இன்றைக்குப் பங்காருபேட்டையில் எங்காவது ஒரு கடை வாசலில் உட்கார்ந்து வசனம் பேசிக்கொண்டிருப்பார்.

துக்கம் விசாரிக்கப் போனபோது மோகனா காபி கொடுத்தாள். தார்ப்பாய் கீழே கிடந்தது. பானெட்டில் பாதிப் பச்சை, பாதி வெள்ளி. நான் கேட்காமலே சொன்னாள்.

"போன மாசம் வெளிய வந்து குந்துனாருண்ணா. மூச்சு வாங்கிக்கினே கொஞ்சம் கொஞ்சமா உரிச்சாரு. அடில பூரா எமரி கோடு. ரொம்ப நேரம் தடவிப் பாத்துக்கினே இருந்தாரு. அப்புறம் என்னைக் கூப்ட்டு, என் கை நல்லாத்தான் இருந்துகீது மோகனான்னாரு. சின்னப் புள்ள மாதிரி அழுதாரு. யாரு தேய்ச்சதுன்னு கேட்டேன். வுடு, எவனோ நல்லது பண்றதா நெனச்சிப் பண்ணிகிறான்னாரு. பேரு மட்டும் சொல்லவே இல்லண்ணா."

அவருக்குத் தெரியும். அந்தச் சனிக்கிழமை காரைத் தொட்டது ஒரே ஒருவன். நான் காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன்.

அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டேன் என்று சொல்லி முடிப்பதுதான் இப்படிப்பட்ட பேச்சுக்கு வழக்கம். அவர் பொறுமை, உழைப்பு என்று நீங்கள் ஆளுக்கொன்று சொல்வீர்கள். எனக்கென்று அவர் விட்டுப்போனது, சாகும்வரை அவர் சொல்லாமல் வைத்திருந்த ஒரு பெயர். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

மோகனா, அது கோவிந்தராஜ். இதை வாசித்துக்கொண்டிருக்கிறவன்தான்.