செயினுக்கு ஓர் எண்ணெய்க் குளியல்

போன சனிக்கிழமை காலையில் என் பைக் செயினுக்கு எண்ணெய் போட்டேன். அன்று மத்தியானம் தி.நகர் சபா ஒன்றில் மாமிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு வாரமாக அதைப் பற்றித்தான் பேச்சு... பேச்சு என்றால், என் மனைவி பேசுகிறாள். நான் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் செயின்.

கொஞ்ச நாளாகவே அது 'கிறீச் கிறீச்' என்று கத்திக்கொண்டிருந்தது. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. மெட்ராஸ் டிராஃபிக்கில் இதெல்லாம் ஒரு சத்தமா? ஆனால் பின்னால் உட்கார்ந்து வருகிற என் மனைவி வசுமதிக்குக் காது வேறு மாதிரி. பாட்டு டீச்சர். பில்லியனில் ஏறிவிட்டால் என் முதுகுக்குப் பின்னால் வாய்க்குள்ளேயே ஏதாவது பாடிக்கொண்டு வருவாள். வீடு, சமையல், பிள்ளைகள் போக அவளுக்கென்று மிஞ்சுகிற சாதக நேரமே அதுதான். அந்த நேரத்தில் செயின் குறுக்கே பாடுகிறது, அதுவும் சுருதி சேராமல் பாடுகிறது என்பது அவளுடைய புகார்.

மந்தைவெளியில் எங்கள் ஹாலில் பாயைப் போட்டு, வருஷக்கணக்காக ஊரார் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறாள். அவளிடம் கற்றுக்கொண்ட பெண்கள் மேடையேறிவிட்டார்கள். ஒருத்தி அமெரிக்காவில் எல்லாம் பாடிவிட்டு வந்து ஒரு பாக்கெட் சாக்லேட் கொடுத்து நமஸ்காரம் செய்துவிட்டுப் போனாள். டீச்சரை மட்டும் எந்த சபாவும் கூப்பிடவில்லை. கல்யாணம், குழந்தை, மாமியாருக்கு ஆபரேஷன், மறுபடியும் குழந்தை... இந்த டிசம்பர் சீசனில்தான் முதல் முறையாக ஒரு சான்ஸ் வந்தது.

பன்னிரண்டு மணிக் கச்சேரி. டிக்கெட் கிடையாது. கேண்டீனில் சாப்பாடு தயாராகும் வரை ஃபேனுக்கு அடியில் உட்கார வருகிறவர்கள்தான் ஆடியன்ஸ். இருந்தால் என்ன? மேடை மேடைதானே! ஒரு மாதமாக வெந்நீர்தான் குடித்தாள். தயிரைத் தொடவில்லை. கச்சேரிக்கென்றே மாம்பழக் கலரில் ஒரு பட்டுப் புடவை எடுத்து, பீரோவில் வைத்து, அவ்வப்போது திறந்து பார்த்துக்கொண்டாள்.

நானும் என் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டாமா?

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் கைராசி தெரியும். நான் ரிப்பேர் செய்த மிக்ஸி, ஸ்விட்சை அணைத்த பிறகும் ஓடிய கதையை எழுதியிருக்கிறேன். அதனால் தம்புரா பக்கமே வரக் கூடாது என்று எனக்கு உத்தரவு. மிச்சம் இருந்தது பைக்தான். கச்சேரியன்று அவள் நிம்மதியாக முணுமுணுத்துக்கொண்டு வர வேண்டும், செயின் வாயைத் திறக்கக் கூடாது... இதுதான் என் நோக்கம். நோக்கத்தில் குற்றம் சொல்ல முடியாது, கவனியுங்கள்.

சனிக்கிழமை விடிந்ததும் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டேன். செயின் கவரைக் கழற்றினேன். உள்ளே செயின் இருப்பதாகத்தான் சொன்னார்கள்; பார்த்தால் மண்ணும் கிரீஸும் சேர்ந்து அடை மாதிரி அப்பிக் கிடந்தது. கொட்டாங்கச்சியில் மண்ணெண்ணெய், பழைய டூத் பிரஷ். பின் சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். அழுக்கு போகப் போக, உள்ளே இரும்பு பளபளவென்று வெளியே வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஆபீஸில் அப்படியொரு திருப்தி எனக்குக் கிடைத்ததே இல்லை.

பிறகு எண்ணெய். கியர் ஆயில் விற்ற கடைக்காரர், சொட்டுச் சொட்டாக விடுங்கள், கொஞ்ச நேரம் கழித்துத் துணியால் துடைத்துவிடுங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தார். சொட்டுச் சொட்டாகவா? சனிக்கிழமையானால் தலையிலிருந்து கால் வரை நல்லெண்ணெய் வழிய உட்காருகிற வம்சம் நான். எண்ணெய் என்றால் ஊற வேண்டும். ஊறினால்தான் சூடு தணியும், மூட்டு இளகும். மனுஷனுக்கே அப்படி என்றால் இரும்புக்கு எவ்வளவு வேண்டும்? பாட்டிலைக் கவிழ்த்தேன்.

காபியோடு வந்து நின்ற வசுமதி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நாம எண்ணெய் தேச்சுண்டா சீயக்காய் போட்டு அலம்பறோமோன்னோ? இதுக்கு ஒண்ணும் வேண்டாமா?"

கேள்வியில் நியாயம் இருந்தது. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. இது மெக்கானிக்கல் விஷயம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். செயின் கவரைத் திரும்ப மாட்டும்போது துளைக்குத் துளை சேரவில்லை. நேரமாகிவிட்டது. நாளைக்கு மாட்டிக்கொள்ளலாம் என்று ஓரமாக வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

பதினொரு மணிக்குக் கிளம்பினோம். வசுமதி வழக்கம்போல் இரண்டு காலையும் இடது பக்கம் போட்டு உட்கார்ந்தாள். என் வண்டியில் செயின் இருப்பதும் அதே இடது பக்கம்தான். இந்த விவரம் எனக்கு அப்போது முக்கியமாகப் படவில்லை.

ஆஹா, என்ன ஓட்டம்! சேமியர்ஸ் ரோட்டில் வெண்ணெயில் போவது போலப் போனது வண்டி. துளி சத்தம் இல்லை. முதுகுக்குப் பின்னால், கச்சேரியில் முதலில் பாடப்போகிற வர்ணம் கேட்டது. அவளும் சந்தோஷமாக இருக்கிறாள் என்று புரிந்ததும் கொஞ்சம் வேகம் கூட்டினேன். வேகம் கூடக் கூட செயின் என்ன செய்யும் என்பதை நீங்கள் இதற்குள் ஊகித்திருப்பீர்கள். நான் ஊகிக்கவில்லை.

நந்தனம் சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னா சார், அம்மா பொடவையெல்லாம் ஒரே ஆயிலா கீது... நீ பாட்டுக்கு போய்க்கினே கீறியே?"

வர்ணம் நின்றது.

திரும்பிப் பார்த்தேன். மாம்பழக் கலர் கொசுவத்தில், முழங்காலுக்குக் கீழே, கறுப்புக் கறுப்பாகத் தெறித்திருந்தது. சின்னதும் பெரியதுமாக, நெய்தது போல. அவள் புடவையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை. உதட்டை இறுக்கிக்கொண்டு, "சிக்னல் விழுந்துடுத்து, போங்கோ" என்றாள். வீட்டுக்குத் திரும்பி வேறு புடவை கட்ட நேரமில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். வெங்கட்நாராயணா ரோடு முழுக்க வேகத்தைக் கூட்டாமல் ஓட்டினேன். இத்தனை வருஷம் காத்திருந்தவளை மேடை வாசலில் வைத்துக் கெடுத்துவிட்டேனே பாவி என்று இருந்தது.

சபாவில் மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் கொசுவத்தைப் பிரித்து, மடித்து, திருப்பி என்னென்னவோ செய்து பார்த்தாள். பாதிதான் மறைந்தது. வயலின் வாசிக்கிற பெண் நல்ல பெண். வயலின் பெட்டியை வசுமதியின் இடது முழங்கால் ஓரமாக நிறுத்தி வைப்பதாகச் சொல்லிவிட்டாள். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். வசுமதி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"முன் வரிசையிலே உக்காருங்கோ. நான் பாக்கற மாதிரி."

மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். பாருங்கள் என் புத்தியை.

முன் வரிசையில் உட்கார்ந்து யோசித்தேன். நாம் ஏன் இப்படி இருக்கிறோம்? 'நாம்' என்றால் வீட்டு வேலையில் 'ஹெல்ப்' பண்ணுகிற ஆண்கள். ஊற்றுகிற வேலை என்றால் ஓடி வருவோம். துடைக்கிற வேலை மட்டும் நம் கணக்கிலேயே வராது. காபி போடுவோம், அடுப்பு மேடையை வேறு யாரோ துடைக்க வேண்டும். துடைக்காததால் செயினுக்கு ஒரு கெடுதலும் இல்லை. அது ஜம்மென்றுதான் இருக்கிறது. கெடுதல் எல்லாம் பின்னால் நம்பி உட்கார்ந்தவளுக்குத்தான்.

திரை விலகியது. வர்ணம் கொஞ்சம் நடுங்கியது. இரண்டாவது பாட்டில் குரல் நிதானத்துக்கு வந்தது. பிறகுதான் அதைப் பாடினாள்.

நிந்தாஸ்துதி என்று ஒரு வகை உண்டு. கடவுளைத் திட்டியே பாடுவது. உன்னை நம்பினேனே, நன்றாக இருக்கிறதா உனக்கு, நீ செய்த உதவியெல்லாம் போதும்... இந்த ரீதியில் போகும். சாதாரணமாகப் பாடகர்கள் இதைக் கண்ணை மூடிக்கொண்டு பாடுவார்கள். வசுமதி மூடவில்லை. சாமியின் பெயர் வந்த இடம் தவிர மற்ற வரிகளையெல்லாம் என்னைப் பார்த்தே பாடினாள். 'நம்பினேனே' என்பதை விதவிதமாகத் திருப்பித் திருப்பிப் போட்டாள். ஒவ்வொன்றும் என் மேல் வந்து விழுந்தது.

கேண்டீனுக்குக் கிளம்பியவர்கள் வாசலிலேயே நின்றார்கள். சிலர் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். பக்கத்து நாற்காலி மாமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "என்ன பக்தி பாருங்கோ" என்றார். ஆமாம் என்றேன். எனக்கும் கண் கலங்கியது. பயத்தினால் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, வெட்கம். இவ்வளவு பெரிய பாட்டை இத்தனை வருஷம் எங்கள் ஹாலில் பாயில் உட்கார வைத்திருந்தோமே என்கிற வெட்கம். பெருமையும்தான்.

கச்சேரி முடிந்ததும் சபா செக்ரட்டரி பொன்னாடையோடு வந்தார். அவள் சாமர்த்தியமாக அதை வாங்கி இடது பக்கமாகத் தொங்கவிட்டுக்கொண்டாள். அடுத்த வருஷம் சாயங்காலக் கச்சேரி நிச்சயம் என்றார் அவர்.

"அந்தப் பாட்டு மட்டும் கண்டிப்பா வேணும்மா. இதே உருக்கத்தோட."

"அதுக்கு இவர்தான் மனசு வைக்கணும்" என்று என்னைக் காட்டினாள் வசுமதி.

செக்ரட்டரி நெகிழ்ந்துபோய் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இப்படி ஒரு கணவர் அமைவது பெரிய பாக்கியம் என்றார். அவள் ஆட்டோவில் வீட்டுக்குப் போனாள்.

அடுத்த சீசனுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. அதே பாட்டு, அதே உருக்கம் வேண்டுமாம். கவலையில்லை... கார்புரேட்டரை நான் இன்னும் தொடவே இல்லை.