அப்பாசாமியின் பாசிக் கோழிகள்

திருப்போரூருக்கு மேற்கே ஒரு பெரிய கோழிப்பண்ணையில் அப்பாசாமி பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தார். நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தினமும் குடிதண்ணீரில் மஞ்சள் நிற ஆண்டிபயாடிக் பொடியைக் கலக்குவது அவர் வேலை. 2019இல் அதை விட்டார். அந்த ஆண்டு அவர் மனைவி ஆராயிக்குக் காலில் முள் குத்திய புண் ஆறவில்லை. மூன்று மருந்து மாற்றியும் கேட்கவில்லை. கோழிக்குச் சும்மா சும்மா மருந்து கொடுப்பதாலும் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடுகின்றன என்று டாக்டர் அப்பாசாமியிடம் சொல்லியிருக்கிறார். நாலாவது மருந்தில் புண் ஆறியது. டாக்டர் சொன்னதை அப்பாசாமி வீட்டில் சொல்லவில்லை.

பிறகு சொந்தமாக நாட்டுக்கோழி வளர்த்தார், மருந்தில்லாமல். தீவனத்தில் கடல்பாசி சேர்த்தால் கோழிக்குக் குடல் நோய் குறையும் என்று ஒரு பயிற்சி முகாமில் கேட்டிருந்தார். திருவிடந்தையில் மீன் விற்கும் ஹெலன், கரையில் ஒதுங்கும் பச்சைப் பாசியை அள்ளி வைப்பார். இவர் உப்புப் போக அலசி, உலர்த்தி, இடித்துக் கலப்பார். நான் கால்நடை மருந்தகத்தில் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவன். சாகும் குஞ்சுகளுக்கு என்னைக் கணக்கு வைக்கச் சொன்னார்.

"இன்னா அண்ணாத்த, கோழி வளக்கிறியா, கருவாடு போடுறியா? தெருவே நாறுது" என்பார் பக்கத்து வீட்டுச் செல்வராஜ்.

"கருவாடா இருந்தா நீ இந்நேரம் சட்டியோட வந்து நின்னுகினு இருப்பியே."

ஐப்பசி மழையில் குஞ்சுகள் தலை தொங்கின. கழிச்சல் கண்டு சாகத் தொடங்கின.

"யோவ், வீம்பு புடிச்சுகினு நிக்காத. மருந்து வாங்கியா" என்றார் ஆராயி.

"பாசி இன்னா செய்யுதுன்னு பாக்கணும்."

"நீ பாக்கறதுக்குள்ள எல்லாம் பூடும்."

அப்பாசாமி இன்னும் பாசி எடுத்துவரத் திருவிடந்தைக்குப் போனார். அந்த வாரமே சாவு நின்றது. பாசியால்தான் குஞ்சுகள் பிழைத்தன என்ற செய்தி கேட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டல் வைத்திருந்த மோகன் வந்தார். மருந்து படாத கோழி வாராவாரம் வேண்டும் என்றார். டீ கொண்டுவந்த ஆராயி தம்ளரைக் கீழே வைத்தார்.

"நீ பாசிக்குப் போன அன்னிக்கு நான் மருந்துப் பொடி வாங்கியாந்து தண்ணில கலக்கிட்டேன். அஞ்சு நாளு ஊத்தினேன்."

மோகன் டீயைக் குடிக்காமல் போனார்.

"ஏன்டி இப்படிப் பண்ண?"

"என் கால மருந்துதானய்யா காப்பாத்திச்சு. குஞ்ச மட்டும் வுட்டுருமா?"

அப்போதுதான் அப்பாசாமி டாக்டர் சொன்னதைச் சொன்னார். "நான் கலக்கின கலக்குலதான் ஒனக்கு மருந்து கேக்காம போச்சோன்னு பயந்துகினு கெடந்தேன்."

"இத அன்னிக்கே சொல்லக் கூடாதா? நான் அந்தப் பொடியத் தொட்டிருப்பேனா?"



அடுத்த ஆண்டும் அப்பாசாமி பாசி போட்டு வளர்த்தார். ஆராயி பொடியைத் தொடவில்லை. ஆனால் அந்த மழையில் எங்கள் பக்கம் எந்தக் கோழிக்கும் நோய் வரவில்லை.

"நோவு வரலன்னு ஊரே சந்தோஷமா கீது சார். நான் ஒருத்தன்தான் வருத்தப்பட்டுகினு கீறேன்" என்று என்னிடம் சொன்னார்.

அதற்கடுத்த மழைக்கு அவர் இல்லை. மாரடைப்பு. குஞ்சுகளைப் பாசி தனியாகக் காப்பாற்றியிருக்குமா என்பது அவருக்குத் தெரியாமலே போயிற்று. என் கணக்கிலும் அது இல்லை.