சலாம் சொல்லி வந்த இலவசப் பாடம்

என் வலது கால் பெருவிரலை நான் பார்த்த பார்வையை, கலியாணம் முடித்த புதிதில் மனைவியின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. சீனி வருத்தம், கால் கவனம் என்று டொக்டர் சொன்ன அன்று தொடங்கியது அது. விழுங்கக் குளிசை தந்தார், நடக்கச் சொன்னார், இனிப்பு வட்டிலப்பத்தை மறக்கச் சொன்னார். நான் கல்முனைப் பசாரில் என் பாத்திரக் கடைக்குள், பெரிய தாச்சிகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்து போனில் மருந்து தேடினேன். ‘சீனியை வெல்லும் ஏழு பாடங்கள், முற்றிலும் இலவசம்’ என்று வெள்ளை மேலங்கி போட்ட ஒருவர் சிரித்தார். கேட்டதெல்லாம் என் பெயரும் ஈமெயிலும்தான். காசு கேட்காதவனை நம்புகிற வியாபாரி உலகத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

மறுநாள் சுபஹு தொழுதுவிட்டு வந்தால் முதல் பாடம். “அஸ்ஸலாமு அலைக்கும்” என்று தொடங்கி, என் பெயரையும் போட்டு, “இரவெல்லாம் உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், சகோதரரே” என்று எழுதியிருந்தது. சலாத்துக்குப் பதில் சொல்லாமல் விடலாமா? வஅலைக்கும் முஸ்ஸலாம் என்று தொடங்கி, இரவில் எத்தனை தரம் சிறுநீருக்கு எழும்புகிறேன் என்பதுவரை எழுதினேன். அதன் பிறகு ஒவ்வொரு விடியலிலும் பாடம் வந்தது, நானும் எழுதினேன்.

“வெள்ளாப்புலயே ஆருக்கு எழுதுறீங்க?” என்று மனைவி கேட்டாள்.

“ஒரு டொக்டருக்கு.”

“கலியாணத்துக்கு முந்தி எனக்கு ரெண்டு வரிக்கு மேல எழுதத் தெரியல்ல. அந்தாளுக்கு மட்டும் மூத்திரத்திலருந்து எல்லாம் எழுதுறீங்க!”

மூன்றாம் பாடத்தில், சலாத்துக்குக் கீழே, வெட்டி எடுத்த ஒரு காலின் படம். அன்றுதான் என் பெருவிரலில் கறுப்பைக் கண்டேன். டோர்ச் அடித்துப் பார்த்தேன். மனைவியின் முகம் பார்க்கும் கண்ணாடியை நிலத்தில் வைத்து அடிப்பக்கமும் பார்த்தேன். குளிசை விழுங்கியும் இப்படியா என்று பயந்து, “குளிசையை விடவா?” என்று எழுதினேன். விடிந்ததும் நாலாம் பாடம்: “சரியான கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள், சகோதரரே. குளிசைதான் உங்களை நோயாளியாகவே வைத்திருக்கிறது. வழி என் மின்னூலில் இருக்கிறது. சில பிரதிகளே மிச்சம்.”

போனுக்குள் இருக்கிற புத்தகம் எப்படி முடிந்துபோகும் என்று கேட்டிருக்க வேண்டியவன் நான். முடிந்துவிடுமே என்று பதறி வாங்கினேன். உள்ளே பெரிய பெரிய எழுத்தில் வெந்தயத் தண்ணீர், மூச்சை இழுத்து விடுதல், இடைக்கிடை அந்தச் சிரிப்பு. கடைசிப் பக்கத்தில் இதைவிட விலை கூடிய வீடியோ வகுப்புக்கு விளம்பரம். அதைப் பார்த்த பிறகும், குளிசைகளை மனைவிக்குத் தெரியாமல் கழிவுத் தண்ணீர் ஓடும் காணுக்குள் போட்டேன். சீனி வருத்தம் இருந்த தவளைகள் ஏதும் அங்கே இருந்தால் சுகப்பட்டிருக்கும்.

ஒருநாள் கடையில் தாச்சியொன்றை இறக்கும்போது கண் இருண்டு, சாமான்களோடு சாமானாக விழுந்தேன். மனைவி கிளினிக்குக் கொண்டுபோனாள். நான் நீட்டிக் காட்டிய பெருவிரலைத் தாதி ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். கறுப்பு பஞ்சோடு போய்விட்டது.

“காக்கா, இது புதுச் செருப்புட சாயம்,” என்று அண்ணனுக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. டொக்டருக்கு வரவில்லை. இரத்தம் சோதித்த துண்டைப் பார்த்துவிட்டு, “இப்ப காலுக்கு ஒண்டுமில்ல. இப்பிடியே குளிசைய விட்டாத்தான் கால் போகும்” என்றார். மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை.

மருந்து எடுக்கும் இடத்தில் இறக்காமத்து விவசாயி ஒருவர் பக்கத்தில் இருந்தார். போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தவர், “வஅலைக்கும் முஸ்ஸலாம்” என்று அதனிடமே சொன்னார். எட்டிப் பார்த்தேன். அதே சிரிப்பு. அதே “இரவெல்லாம் உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்”. பெயர் மட்டும் அவருடையது.

உன் மேல் சாந்தி உண்டாகட்டும் என்கிற துஆவைத் தூண்டிலில் புழுவாகக் குத்தியிருந்தார்கள். இப்போது நினைத்தாலும் வாயில் எச்சில் கசக்கிறது. என் மூத்திரக் கதையை ஒரு மனிதரும் வாசித்திருக்க மாட்டார் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

“நல்ல மனிசன்,” என்றார் விவசாயி. “ஒரு சதம் கேக்காமப் படிச்சித் தாறாரு.”

“குளிசைய விட்டுட்டீங்களா காக்கா?”

“இன்னும் இல்ல. அது நாலாம் பாடத்துலயாம்.”

என் போனைத் திறந்து, எனக்கு வந்த அதே பாடத்தை அவருடையதற்குப் பக்கத்தில் பிடித்தேன். இரண்டையும் வரி வரியாக விரல் வைத்து வாசித்தார். குளிசையை விட்டு விழுந்த கதையையும் சொன்னேன்.

“அப்ப இவ்வளவு நாளும் எனக்குச் சலாம் சொன்னது ஆரு?”

“ஒருத்தருமில்ல, காக்கா.”

அவர் எழும்பி வெளியே போய், வாயில் கிடந்த வெற்றிலையைக் காறித் துப்பினார். அவருடைய பெயரைக் கூப்பிட்டார்கள். குளிசைப் பையை வாங்கிச் சாரத்து மடிக்குள் வைத்து இறுக்கிக் கட்டினார்.