பாலத்தடியில் இறக்கிய மீன்கள்

மட்டக்களப்பிலிருந்து வந்து மோர்னிங்சைட்டில் குடியிருந்த கந்தப்போடி அண்ணை பதினொரு வருடம் ஆற்றில் விடும் மீன்குஞ்சுகளை ஏற்றும் லொறி ஓட்டினார். லீவு நாளிலும் போன் எடுத்துத் தொட்டித் தண்ணீர் சுகமா என்று கேட்பார். ட்ரவுட் மீனுக்கு மாமனார் என்று பகிடி பண்ணுவோம்.

ட்ரவுட் குஞ்சை வளர்த்து ஆற்றில் விட்டால் அது ஏரிக்கு இறங்கிப் பெருத்து, சில வருடத்தில் விட்ட இடத்தையே தேடி முட்டையிட வரும். எங்கே விட்டால் கூடுதலாகத் திரும்பும் என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. ஆற்றின் மேல்பக்கம் விடுவதற்கு அடையாளமாக வலது அடிச்செட்டையை நறுக்குவோம். ஆறு ஏரியில் விழும் ஏரி வாயில் விடுவதற்கு இடது. முட்டை தங்கும் சரளைக்கல் மேல்பக்கத்தில்தான் உண்டு. அங்கே மீன் தானாகப் பெருக வேண்டும் என்பது அண்ணையின் ஒரே ஆசை.

சில வருடத்துக்கு முந்தி ஓர் ஏப்ரலில் உறைமழை. வலது நறுக்கிய குஞ்சுகளோடு மேலே போக இரண்டு மணித்தியாலம் பிடிக்கும். எனக்கு மூன்று மணிக்கு ரெக்ஸ்டேலில் இரண்டாவது வேலை.

“அண்ணை, ஏரி வாயில, உந்தப் பாலத்தடியிலயே இறக்குவம். ஆருக்குத் தெரியப்போகுது?”

“மீனுக்குத் தெரியுமடா.”

என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாலத்தடியிலேயே தொட்டிக் குழாயைத் திறந்தார். படிவத்தில் ‘மேல்பக்கம்’ என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தார். உதவிக்குப் போன என் பெயரை எழுதும் வழக்கம் இல்லை.

போன வசந்தத்தில் வலது செட்டை நறுக்கிய மீன்கள் பாலத்தடியில் குவிந்து சேற்றில் முட்டையைக் கொட்டின. ஆராய்ச்சிக்குப் பொறுப்பான மயூரி எண்ணிப் பார்த்தாள். மேலே விட்டவை மேலே ஏறவில்லை, அங்கே விடுவதை நிறுத்துவோம் என்று கூட்டத்தில் சொன்னாள்.

அண்ணை எழும்பினார். “பிள்ள, என்ட பிழை. பெரிய லோட் ஒண்ட நான் பாலத்தடியில இறக்கிட்டன்.”

“அங்கிள்! அப்ப மற்ற லோட்ஸ்?”

“எல்லாம் மேலதான்.”

“எப்பிடி நம்புறது? ஆரும் பார்த்தவையோ?”

ஒவ்வொரு லோட்டுக்கும் லொறியில் பக்கத்துச் சீற்றில் இருந்தவன் நான். பார்த்தேன் என்றால் பாலத்தடியும் என் தலையில் விழும். குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினேன். அண்ணை என் பக்கம் திரும்பவும் இல்லை.

“ஒருத்தரும் இல்ல,” என்றார்.

அத்தனை வருடக் கணக்கும் குப்பைக்குப் போனது. மேல்பக்கம் மீன் விடுவது நின்றது. அண்ணையை அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அடுத்த கிழமை லொறிச் சாவியை என்னிடம் நீட்டினார்கள். வெட்கங்கெட்டவன், வாங்கிக்கொண்டேன்.