பல்செட் கிண்ணமும் சுபாங்கி மிஸ்ஸியும்

சாகுல் ஹமீதின் கண்ணுக்குச் சிங்கப்பூர் டன்லப் தெருவில் ஒரு பேர் உண்டு. கைலி, தொப்பி, அத்தர் விற்கிற கடை அவருடையது. வாசலில் கால் வைக்கிறவரின் தலையைப் பார்த்ததுமே தொப்பி என்ன அளவு என்று சொல்லிவிடுவார். டேப்பை எடுத்து அளந்தால் அரை அங்குலம் கூடத் தவறியிருக்காது. "என் கண்ணுக்குத் தப்பி ஒண்ணும் போவாது லா" என்று நாற்பது வருஷமாகப் பீற்றிக்கொண்டிருந்த மனிதர். அப்பேர்ப்பட்டவரின் வாயை ஒரு நர்ஸ் ஒரே காலையில் அடைத்துவிட்டார்.

நர்ஸின் பெயர் சுபாங்கி. வயது நாற்பத்திரண்டு, வீடு ஈசூனில். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். சிங்கப்பூரில் நர்ஸ் என்றால் எத்தனை வயதானாலும் 'மிஸ்ஸி' என்றுதான் பெரியவர்கள் கூப்பிடுவார்கள். சாகுல் ஹமீதும் அப்படித்தான் கூப்பிட்டார்.

உண்மையைச் சொன்னால், முதல் மூன்று நாள் அவர் சுபாங்கியைச் சரியாகப் பார்க்கவே இல்லை. ஆஸ்பத்திரி என்றால் அவருக்கு டாக்டர்தான். நர்ஸ் என்பவர் மாத்திரை கொடுப்பார், படுக்கை விரிப்பை மாற்றுவார், அவ்வளவே. மகள் ஹஸீனா பள்ளிப் படிப்பு முடிந்து நர்ஸிங் சேர ஆசைப்பட்டபோது, "ஊராள் மூத்திரச் சட்டி தூக்கவா ஒன்னைப் பெத்தோம்?" என்று ஒரே வார்த்தையில் கதையை முடித்தவர் இவர். அவள் இப்போது வங்கியில் வேலை பார்க்கிறாள்.

மனைவி கதீஜாவுக்கு பைபாஸ் ஆப்பரேஷன். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்ததால், அதைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு வாரம் முன்னதாகவே வார்டில் சேர்த்திருந்தார்கள். அந்தம்மாவுக்குக் கத்தியைப் பற்றிப் பயமில்லை. போன ரமலானில் காய்ச்சலில் இரண்டு நோன்பு விட்டுப்போயிருந்தது. விட்டதைப் பின்னால் பிடித்து நிறைவேற்றுகிற அந்தக் களா நோன்பு இன்னும் பாக்கி. ஆப்பரேஷன் மேசையிலேயே மௌத்தாகிப் போனால் அந்த இரண்டும் கழுத்தில் நிற்குமே என்பதுதான் பயம்.

"ரெண்டே ரெண்டு நாளு. நீங்க வாயைத் தொறக்காம இருந்தாப் போதும்" என்றார் கதீஜா.

"ஊசி போடுறாங்களே புள்ள?"

"ஊசி போட்டா நோன்பு முறியாது."

"காலையில சாப்பாடு வருமே?"

"அதை நீங்க சாப்பிட்டுடுங்க."

மார்க்கம் படித்த ஒரு ஆலிமிடம் கேட்டிருக்கலாம். டாக்டரிடம் கேட்டிருக்கலாம். அடுத்த கட்டில் சீனப் பாட்டியிடம் கேட்டிருந்தால்கூட, வேண்டாம் என்றிருப்பார். யாரிடமும் கேட்கவில்லை, அறிவுகெட்ட மனுஷன்! கதீஜா கேட்டு இல்லை என்று சொல்லிப் பழகாதவர், தலையை ஆட்டிவிட்டார்.

புதன்கிழமை விடியுமுன்னே, பையில் ஒளித்து வைத்திருந்த மூன்று பேரீச்சம்பழத்தோடும் தண்ணீரோடும் கதீஜா சஹர் சாப்பாட்டை முடித்துவிட்டார். எட்டு மணிக்குத் தின் சூ வந்தாள். மியன்மாரிலிருந்து வந்து ஒரு வருஷம் ஆகியிருந்த நர்ஸ். சர்க்கரை பார்த்து, சாப்பாட்டுக்கு முன் போடுகிற இன்சுலினைப் போட்டாள். பின்னாலேயே தட்டு வந்தது. இரண்டு ரொட்டி, அவித்த முட்டை, ஒரு கிண்ணம் ஆப்பிள் துண்டு. சாகுல் ஹமீது திரையை இழுத்துவிட்டு, துண்டு துணுக்கு மிச்சம் வைக்காமல் மென்று முடித்தார்.

"ஆன்ட்டி ஃபினிஷ் ஆ? வெரி குட்!" என்று காலித் தட்டைப் பார்த்துத் தின் சூ சிரித்தாள். முழுவதும் சாப்பிட்டதாகக் குறித்துக்கொண்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நோயாளியின் புருஷன் தட்டைக் காலி பண்ணுவான் என்று யார் கண்டார்?

ஒன்பதரைக்குக் கதீஜா கண்ணை மூடினார். விடியலில் எழுந்த அசதி, தூங்கட்டும் என்று சாகுல் ஹமீது பேப்பரை விரித்தார். தலையளவு பார்க்கிற அந்தக் கண்ணுக்கு முன்னால், ஒரு கை தூரத்தில், நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவள் வெளுத்துக்கொண்டிருந்தாள். அவர் பார்க்கவில்லை.

சுபாங்கி அந்தப் பக்கமாக வேறு ஒருவரைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். கட்டிலைத் தாண்டி நாலு எட்டு வைத்தாயிற்று. நின்றார். திரும்பி வந்தார். கதீஜாவின் பிடரியில் கையை வைத்தார். உடம்பைக் குத்துகிற ஏசிக் குளிரில் பிடரி தொப்பலாக நனைந்திருந்தது.

"ஆன்ட்டி, கண்ணைத் தொறங்க. உங்க பேரு என்ன?"

கதீஜா ஏதோ சொன்னார். பேரும் இல்லை, பேச்சும் இல்லை.

விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை இரண்டு புள்ளி மூன்று. நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து. அதிலும் இது ஆப்பரேஷனுக்குக் காத்திருக்கிற இதயம்.

அடுத்து நடந்ததைச் சாகுல் ஹமீது இன்றைக்கும் கண்ணை அகல விரித்துத்தான் சொல்கிறார். சுபாங்கியின் குரல் ஒரு சுருதி கூட ஏறவில்லையாம். டாக்டருக்கு ஆள் போனது. ஆனால் டாக்டர் வரட்டும் என்று அவர் நிற்கவில்லை. கையில் ஏற்கெனவே இருந்த குழாய் வழியாக க்ளுக்கோஸை ஏற்றினார். ஒரு கை மருந்தில், ஒரு கை நாடியில், கண் கதீஜாவின் முகத்தில். அத்தனைக்கும் நடுவில் "அங்கிள், பயப்படாதீங்க, பக்கத்துல வாங்க, அவங்க காதுகிட்ட பேசுங்க" என்று இவருக்கும் ஒரு வேலை கொடுத்தார். சுப்ஹானல்லாஹ், எத்தனை கை அந்தப் பொம்பளைக்கு என்று இருந்ததாம் அவருக்கு.

தின் சூவின் முகத்தில் ரத்தமே இல்லை. "சிஸ்டர், டோஸ் கரெக்ட், ஐ செக் டூ டைம்ஸ்" என்று சொன்னாள். சாப்பிட்டவருக்குச் சர்க்கரை இப்படி இறங்கினால் மருந்து கொடுத்த கையைத்தானே சந்தேகப்படுவார்கள்? உண்மையை ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பெண் தப்பிப்பாள். சாகுல் ஹமீதோ திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றார்.

சுபாங்கியின் பார்வை கட்டில் பக்கத்து அலமாரிக்குப் போனது. அங்கே மூடி போட்ட ஒரு கண்ணாடிக் கிண்ணம். அதற்குள் கதீஜாவின் பல்செட், மேல்வரிசையும் கீழ்வரிசையும், நேற்று இரவு ஊற்றிய தண்ணீரில் அப்படியே கிடந்தது. பிறகு அவர் மெதுவாகச் சாகுல் ஹமீதைப் பார்த்தார்.

"அங்கிள், நீங்க சாப்பிட்டீங்களா?"

யா அல்லாஹ்! ஆப்பிளைக் கடிக்கப் பல் வேண்டாமா? தட்டைக் காலி பண்ணிய கெட்டிக்காரருக்கு அது தோன்றவில்லையே! "நாந்தான் மிஸ்ஸி, நாந்தான் சாப்பிட்டேன்" என்று கடைக்கார மனிதர் குழந்தை மாதிரி அழுதார். நோன்பு, பேரீச்சம்பழம், திரை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

கால் மணி நேரத்தில் சர்க்கரை ஐந்தைத் தாண்டியது. கதீஜா கண்ணைத் திறந்து கேட்ட முதல் கேள்வி, "என் நோன்பு?"

"அதை உங்க உஸ்தாத் சொல்லட்டும், ஆன்ட்டி. சுகரை மட்டும் நான் சொல்றேன்" என்றார் சுபாங்கி. அன்றைக்கே பள்ளிவாசல் உஸ்தாத்தைப் போனில் பிடித்துக் கொடுத்தார். நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது, உடம்பு தேறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று உஸ்தாத் சொன்ன பிறகுதான் கதீஜா ஒரு வாய் கஞ்சி குடித்தார்.

மத்தியானம் சுபாங்கி கவுண்டரில் உட்கார்ந்து காலையில் நடந்ததைப் பற்றி ரிப்போர்ட் எழுதுவதைப் பார்த்ததும், சாகுல் ஹமீது எழுந்தார். நேரே அங்கே போனார்.

"என் பேரைக் கொட்டை எழுத்துல எழுதிடுங்க மிஸ்ஸி. அந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்ல."

"யாரு தப்புன்னு இதுல கேக்க மாட்டாங்க, அங்கிள். என்ன நடந்துச்சு, இனிமே நடக்காம இருக்க என்ன செய்யணும், அதுதான்." கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பி, முதல் வரியைத் தமிழில் சொன்னார். "அட்மிஷன் நேரத்துல நோன்பு, விரதம் உண்டான்னு நான் கேக்கல. கீழே என் பேரு."

"ஒங்க பேரா? ஏன் மிஸ்ஸி?"

"நான்தானே ஆன்ட்டியைச் சேர்த்தேன்."

கடைக்காரர் அந்தப் பேரை இன்னொரு தடவை படித்தார். கணக்கில் ஒரு கைலி குறைந்தால் உலகத்தையே சந்தேகப்படுகிறவர் அவர்.

"தாண்டிப் போயிட்டீங்களே, எப்படி மிஸ்ஸி திரும்பி வந்தீங்க?"

"ஆன்ட்டி என்னைப் பாத்தா ஒரு வார்த்தை பேசாம விட மாட்டாங்க. இன்னிக்கு விட்டுட்டாங்க." சுபாங்கி கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். "படிப்பு பாதி, அங்கிள். டிப்ளோமா மூணு வருஷம், வேலை பாத்துக்கிட்டே டிகிரி, அதுக்கு மேல டயபடிஸ் கோர்ஸ். மீதிப் பாதி அந்தா, அந்த போர்டுல இருக்கு."

சுவரில் அன்றைய பட்டியல் இருந்தது. ஒவ்வொரு நர்ஸ் பேருக்கும் நேரே ஆறு கட்டில் எண்.

"முன்ன வேற ஆஸ்பத்திரியில எனக்குப் பதினோரு பேரு. இதே படிப்பு, இதே கண்ணு. ஒரு அம்மா இப்படித்தான் அசந்து கெடந்தாங்க. தூங்குறாங்கன்னு தாண்டிப் போனேன். ஏழாவது பேஷண்ட் பெல் அடிச்சுக்கிட்டு இருந்தாங்க. நான் திரும்பி வரல, அங்கிள்."

அந்த அம்மா பிழைத்தாரா என்று சாகுல் ஹமீது கேட்கவில்லை. போர்டையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆறு என்ற அந்த எண்ணில் கதீஜாவின் உயிர் தொங்கியிருந்தது என்று நினைக்க நினைக்க அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

மறுநாள் காலையிலிருந்து வார்டில் ஒரு புதுக் கேள்வி. இன்சுலின் போடுமுன் எல்லாரையும் கேட்டார்கள்: இன்றைக்கு நோன்பா, விரதமா? தின் சூ எல்லாரையும்விடச் சத்தமாகக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சாகுல் ஹமீதையும் ஒரு பார்வை பார்ப்பாள். அதுவும் வேண்டும் அவருக்கு!

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. கதீஜா இப்போது கடையில் உட்கார்ந்து அவரை அதட்டிக்கொண்டிருக்கிறார். உங்களை ஏன் தவிக்க விட வேண்டும், முன்னாலேயே சொல்லிவிட்டேன். ஆனால் ஆப்பரேஷன் நாளான அந்தத் திங்கட்கிழமை காலை அவருக்கு அது தெரியாதே.

நள்ளிரவிலிருந்து ஒன்றும் சாப்பிடக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. "பாத்தீங்களா, கடைசியில இவங்களே பட்டினி போட்டுட்டாங்க" என்று பொக்கை வாயால் சிரித்துக்கொண்டே கதீஜா தள்ளுகட்டிலில் போனார். பல்செட் கிண்ணத்தைப் புருஷன் கையில் கொடுத்திருந்தார். லிஃப்ட் கதவு மூடியது. ஹஸீனா ஆஸ்பத்திரி ஃபாரம் நிரப்பப் போயிருந்தாள். கிண்ணத்தை நெஞ்சோடு பிடித்தபடி அவர் நடைவழியில் தனியாக நின்றார்.

மாடிக்குப் போகவேண்டிய பேப்பர்களோடு சுபாங்கி விறுவிறுவென்று அவரைத் தாண்டிப் போனார். நாலு எட்டு வைத்தார். நின்றார். திரும்பி வந்தார்.

"அங்கிள், நீங்க சாப்பிட்டீங்களா?"

முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அவர் பச்சைத் தண்ணீர் கூடக் குடித்திருக்கவில்லை. பெற்ற மகள் கூட அதைக் கவனிக்கவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினார். மறைக்கத் தோன்றவே இல்லை.