சுடுகாட்டு நீர்மட்டம்

எங்கள் ஆய்வுக் குழாய் குடமுருட்டி ஆற்றங்கரையில் சுடுகாட்டுக்குள்தான் நின்றது. அதற்கு நான் பொறுப்பில்லை. ஊருக்குள் இடம் கேட்டு நாயாய் அலைந்தேன், ஒரு சாண் நிலம் ஒருவரும் தரவில்லை. டெல்டாவில் போர் போடும் வண்டி தெருவில் திரும்பினாலே மீத்தேன் எடுக்க வந்துவிட்டார்கள் என்று சனம் கூடிவிடும். நாங்கள் தண்ணீரைப் பார்க்க வந்தவர்கள், ஆறு ஓடும்போது நிலத்துக்குள் எவ்வளவு இறங்குகிறது, கோடையில் மோட்டார்கள் எவ்வளவு உறிஞ்சுகின்றன, அதற்கு உழவர் கையை விட்டு என்ன போகிறது, மண்ணில் உப்பு ஏறுகிறதா என்று ஆராய்கிறோம் என்று தொண்டை வற்றச் சொன்னேன். "தண்ணி இல்லைன்னு எங்களுக்கே தெரியுமேம்மா. அதுக்கு எதுக்குக் குழாய எறக்குறீங்க?" என்றார் ஒருவர். கடைசியில் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் என்கிற உரிமையில் அத்தானைப் பிடித்தேன். அவர் ஊராட்சியில் பேசி வாங்கித் தந்த இடம் அது.

"அங்க போட்டுக்கம்மா. ஒரு பய கை வைக்க மாட்டான்" என்றார்.

குழாய்க்குள் தொங்கிய சென்சார் நீர்மட்டத்தை அளந்து, சிம் கார்டு வழியாகத் தஞ்சாவூரில் இருக்கும் என் கணினிக்கும் போனுக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கும். திரையில் அது ஒரு கோடு. கோடையில் மெல்ல இறங்கும், ஆற்றில் தண்ணீர் வந்தால் ஏறும். அப்படித்தான் இருக்க வேண்டும். முதல் கோடையில் அந்தக் கோட்டில் திடீர் திடீரென்று பள்ளங்கள் விழுந்தன. கொஞ்ச நேரம் சட்டென்று கீழே போகும், பிறகு ஒன்றும் நடக்காதது போலப் பழைய இடத்துக்கு வந்துவிடும். கருவி பழுது என்று நினைத்துவிட்டேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். விற்ற கம்பெனிக்காரரைப் போனில் வறுத்தெடுத்தேன். பேட்டரியை மாற்றினேன், கேபிளை மாற்றினேன். சுடுகாட்டுக்குள் ஒரு பொம்பளை டேப்பும் கையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஆடு மேய்ப்பவர்கள் தூரத்திலிருந்தே திரும்பிப் போனதுதான் மிச்சம்.

விஷயம் அக்கா வாயிலிருந்துதான் வந்தது. ஒரு நாள் போனில் பேசிக்கொண்டிருந்தவள், "நேத்து மேலத்தெரு வாத்தியார் போயிட்டாருடி. மத்தியானம் எடுத்தாங்க" என்றாள். நான் திரையைப் பார்த்தேன். நேற்று, மத்தியானம் கழிந்து, ஒரு பள்ளம்.

சுடுகாட்டில் ஊராட்சி ஒரு மோட்டார் போட்டு வைத்திருந்தது. எரித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் குளிப்பதற்கு. குழாய்க்கும் அதற்கும் பத்தடி தூரம் இருந்தால் அதிகம். மோட்டார் ஓடினால் எங்கள் குழாயில் மட்டம் இறங்கும். இதைக் கண்டுபிடிக்கப் பொறியியல் படிப்பு வேண்டாம், கண் இருந்தால் போதும். அக்காவிடம் அந்தக் கோடையில் ஊரில் யார் யார் போனார்கள் என்று கேட்டேன். அவள் வரிசையாகச் சொல்லச் சொல்ல நான் கோட்டின் மேல் விரலை நகர்த்திக்கொண்டே போனேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. பெரிய வீட்டுச் சாவு என்றால் பள்ளம் ஆழம், குளிக்கக் கூட்டம் அதிகம். யாருமற்ற கிழவி ஒருத்தியின் பள்ளம் கீறல் போல இருந்தது.

எங்கள் ஆய்வுக் குழுத் தலைவரிடம் சொன்னேன். அவர் பொருளாதாரம் படித்தவர், கும்பகோணத்துக்காரர், நல்ல மனுஷன்தான். "அடப்பாவமே" என்றார். அடுத்த மூச்சில், "அப்ப அது நாய்ஸ் மேடம், வேண்டாத இரைச்சல். பாசன மோட்டார் கணக்கோட கலந்துடக் கூடாது. எடுத்துடுங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. பள்ளத்தைக் கண்டால் தானே அழித்துவிட்டு இரண்டு பக்கத்துக் கோட்டையும் சேர்த்துவிடும் ஒரு கணினி நிரலை எழுதினேன். தினமும் விடியற்காலையில் அது ஓடும். நான் பல் தேய்த்து முடிப்பதற்குள் முந்தின நாள் செத்தவர் போயிருப்பார்.

இந்த மட்டில் இருந்திருந்தால் நானும் மறந்திருப்பேன். ஆனால் அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயிருந்தன. வாரா வாரம் தஞ்சாவூருக்கு வந்து டயாலிசிஸ் செய்துகொண்டு போவாள். குடிக்கத் தண்ணீர் அளந்துதான். அம்மா போன பிறகு எனக்குத் தாய்வீடு என்றால் அவள் வீடுதான். அவளுக்குப் பிள்ளையும் இல்லை. மட்டம் திடீரென்று இறங்கினால் போனில் மணி அடிக்கும்படி முன்பே அமைத்து வைத்திருந்தேன். அதை நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. சோற்றில் கை வைத்திருக்கும்போது அது 'டிங்' என்னும். அப்படியே எச்சில் கையோடு அக்காவுக்குப் போன் போடுவேன். அவள் எடுக்கும் வரை எனக்கு உயிர் இருக்காது.

எனக்குப் புத்தி இல்லாமல் இல்லை. அக்காவுக்கு ஒன்று என்றால் எனக்குச் சொல்லாமலா எரிப்பார்கள்? தெரியும். ஆனால் அந்த 'டிங்' கேட்டதும் விரல் தானாக அவள் நம்பரைத் தேடும், அதற்கு நியாயம் சொல்லிப் பயனில்லை.

ஒரு பங்குனி மாதத்தில் மணி அடித்தது. அக்கா போனை எடுக்கவில்லை. அத்தானும் எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்துவிட்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வெயிலில் பறந்தேன். திருவையாறு தாண்டும்போது எதிரே வந்த நெல் லாரிக்காரன் என்னைத் திட்டியது காதில் விழுந்தது, உறைக்கவில்லை. போய்ப் பார்த்தால் மகராசி கூடத்தில் ஃபேனுக்கு அடியில் கால் நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறாள். போன் உள்ளே சார்ஜில் கிடக்கிறது. அத்தான் சாவு வீட்டுக்குப் போயிருக்கிறார்.

"ஏண்டி, பேயறஞ்ச மாதிரி வந்து நிக்கிற?"

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "போனை எடுத்துத் தொலைக்க மாட்டியா?" என்று கத்தினேன். பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கோடு, பள்ளம், மணி, எல்லாம். அவள் கீரையை ஓரமாகத் தள்ளிவிட்டு அடக்க மாட்டாமல் சிரித்தாள்.

"அதான பார்த்தேன்! ஊருல யாரு போனாலும் இவ போன் வருதே, நம்ம மேல என்னடா இவ்ளோ பாசம்னு. நான் செத்தா ஒனக்குச் சொல்லாமயா தூக்கிட்டுப் போவாங்க, லூசு! இரு, ஒங்கத்தானுக்கு அறுபது வரட்டும். திருக்கடையூர்ல இன்னொரு தாலி கட்டிக்கிட்டுத்தான் நான் போவேன்."

சிரித்து முடித்ததும் போனைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். அன்றைய பள்ளம் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. அவள் விரலால் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்புறம் இது என்ன ஆவும்?"

"காலையில அழிஞ்சிடும். தண்ணிக் கணக்குல குழப்பம் வரும்ல, அதான்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்."

போனை என்னிடம் திருப்பித் தந்தாள். "இந்த ஊருல எம்பேர்ல என்னடி இருக்கு? பட்டா அவர் பேரு. ஈ.பி. கார்டு இன்னும் செத்துப்போன மாமனார் பேரு. ரேஷன் கார்டு ஒண்ணுதான் எனக்கு, அதுலயும் போட்டோ வேற எவளோ மாதிரி இருக்கு. இத்தனை வருஷம் வாழ்ந்துட்டு ஒரு தடம் இல்லாம போறதா? என்னோடத மட்டும் அழிச்சிடாத."

"வாயக் கழுவு" என்றேன்.

"சரின்னு சொல்லு மொதல்ல."

சரி என்றேன். அந்தச் சொல்லைச் சொன்ன நாக்கை அறுத்துப் போட்டால் என்ன என்று தோன்றியது.

அடுத்த கோடை வந்தபோது அவள் ஒடுங்கிப் போயிருந்தாள். கையில் ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை. நான் நிரலில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். குறிப்பிட்ட ஒரு நாளை விட்டுவிடு என்று சொல்லும் வரி. எந்த நாள் என்று எழுதுவது? எழுதினால் நானே நாள் குறித்துக் கொடுத்தது போல ஆகிவிடாதா? படித்தவள் என்று பேர், பயந்து பயந்து அதைத் தள்ளிப்போட்டேன்.

ஆனியில் அக்கா போய்விட்டாள். விடிகாலையில், தூக்கத்திலேயே. மேட்டூர் திறந்து, குடமுருட்டியில் தண்ணீர் வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. வாய்க்காலெல்லாம் ஓடுகிறது, நாற்றங்காலுக்கு ஆட்கள் உழுகிறார்கள், ஊரே சந்தோஷமாக இருக்கிறது. பந்தல் போட வந்தவர்கள்கூடத் தண்ணீரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது எனக்கு.

எடுக்கும்போது நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். பங்காளி ஒருவர், "பொம்பளைங்க வர்ற வழக்கம் இல்லைம்மா" என்றார்.

"மாசா மாசம் நான் அங்கதான் போறேன். அப்பல்லாம் உங்க வழக்கம் எங்க போச்சு?"

"அது வேலை. இது வேறம்மா."

அத்தான் ஈர வேட்டியோடு திரும்பிப் பார்த்தார். "வரட்டும் விடுங்க" என்றார். அவர் அப்படிச் சொன்ன பிறகு நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். நெருப்பைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கோட்டைப் பார்க்கத் தைரியம் இருந்தது. வீட்டில் இருந்தபடியே பார்த்துக்கொள்ளலாம், பள்ளம் விழும்போது அவள் முடிந்தாள் என்று தெரிந்துவிடும், அவள் கேட்டதும் அதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "நீங்க போயிட்டு வாங்க அத்தான்" என்றேன்.

பெண்கள் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் கொல்லைப்புறம் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பறைச் சத்தம் தேய்ந்து நின்றது. கோடு ஏறிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் ஆயிற்று. கோடு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. நடுவில் குழுத் தலைவர் கூப்பிட்டார். எனக்கு என்ன நேர்ந்தது என்று அவருக்குத் தெரியாது. "மேடம், குடமுருட்டி பாயிண்ட் பார்த்தீங்களா? நெலத்துக்குள்ள ரீசார்ஜ் என்னமா வருது! இவ்ளோ அழகான தரவு நமக்கு வந்ததே இல்ல" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

அத்தானும் மற்றவர்களும் திரும்பி வந்தார்கள். எல்லார் காலிலும் ஆற்று மணல். "ஆத்துல தண்ணி ஓடுது, அங்கேயே முழுகிட்டு வந்துட்டோம். கொடுத்து வச்சவ" என்று சொல்லிவிட்டு அத்தான் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

ஆறு ஓடும் மாதங்களில் ஒரு பள்ளமும் விழுவதில்லை. இத்தனை வருடங்களாக அது என் கண் முன்னால் இருந்தது. காரணத்தை அறிக்கையில் எழுதியவளே நான்தான். அக்காவிடம் சரி என்று சொன்னபோதும், காலையில் அத்தானைப் போகச் சொன்னபோதும் அது என் மண்டையில் உறைக்கவில்லை. அவளோடு போகவும் இல்லை, அவளுக்கு ஒரு தடமும் இல்லை.

பொழுது சாய்வதற்குள் ஒருவரிடமும் சொல்லாமல் நடந்தேன். அந்த ஒற்றையடிப் பாதை எனக்குப் பழக்கம். எரிமேடையில் வைக்கோலும் சேறும் பூசிய மேடு விரிசல் விட்டு உள்ளே கங்கு தெரிந்தது. பார்க்க மாட்டேன் என்று வீட்டில் நின்றவள் அதைப் பார்த்துக்கொண்டே மோட்டார் கொட்டகைக்குப் போய் சுவிட்சைப் போட்டேன். கட்டியிருந்த சேலையோடு மோட்டார்க் குழாய்க்கு அடியில் நின்றேன். தண்ணீர் மண்டையில் அடித்தது. அளந்து அளந்து குடித்துத் தாகத்தோடு செத்தவளை நினைத்து ஓவென்று கதறினேன். இவ்வளவு தண்ணீர், இவ்வளவு தண்ணீர் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். பைக்குள் கிடந்த போன் 'டிங்' என்றது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. மோட்டார் சத்தம் நின்றதும்தான் திரும்பினேன். அத்தான் கொட்டகை வாசலில் நின்றிருந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

காலையில் திரையைத் திறந்தேன். கோடு வழவழவென்று ஏறிப்போயிருந்தது. நான் எழுதிய நிரல் தன் வேலையைச் செய்துவிட்டிருந்தது. என்னை நானே கண்டபடி திட்டிக்கொண்டு, அழியாத மூலக் கோப்பைத் தேடி எடுத்து, அந்தப் பள்ளத்தைக் கையாலேயே திரும்பக் கொண்டுவந்தேன். சின்னதுதான். ஆறு ஊட்டிக்கொண்டே இருந்ததால் சீக்கிரமே மேடேறிவிட்டது.

சில வாரம் கழித்துக் கூட்டத்தில் குழுத் தலைவர் அந்தக் கோட்டைச் சுவரில் பெரிதாகப் போட்டார். ஆனி மாதத்துக்கு வந்ததும் நிறுத்தினார்.

"மேடம், இங்க ஒரு பள்ளம் நிக்குது பாருங்க. ஆறு நெறைய ஓடுறப்ப மோட்டார எவன் போடப் போறான்? சென்சார் கோளாறுதான். எடுத்துடலாமா?"

"எடுக்காதீங்க" என்றேன். "அது எங்க அக்கா."